சுகந்தியின் கோடு

அத்தியாயம் 14

பெங்களூர் கம்பெனியிலிருந்து அந்த மின்னஞ்சல் வந்து ஆறு நாள் ஆகியிருந்தது. இசக்கிசெல்வி அதைப் பதினோரு முறை படித்துவிட்டாள். அவள் கணவன் மணிமுத்து ஒரே முறை படித்தான். அதுவும் தொகை இருந்த வரியை மட்டும்.

இருபத்துநான்கு குற்றாலப் படங்கள். மூன்று வருட உரிமம். ஓட்டல் அறைச் சுவர்களிலும் தலையணை உறைகளிலும் அச்சிட்டுக்கொள்வார்கள். மூன்று லட்சம் ரூபாய்.

கீழப்பாவூர் வீட்டில் இருந்தபடி டேப்லெட்டில் படம் வரைந்து, இணையத்தில் ஒன்று நூறுக்கும் இருநூறுக்கும் விற்றுக்கொண்டிருந்தவள் அவள். ஒப்பந்தம் இன்று மாலை ஆறு மணிக்குள் போய்ச் சேர வேண்டும். வரி விஷயத்தில் சிக்கல் ஏதும் உண்டா என்று கேட்கத்தான் காலையிலேயே தென்காசிக்கு வந்திருந்தாள்.

ஆடிட்டர் மங்களேஸ்வரியின் அலுவலகம் மருந்துக் கடைக்கு மேல் இருந்தது. ஜன்னல் கம்பியில் சாரல் முத்து முத்தாக நின்றது.

"ஜிஎஸ்டி நம்பர் கேட்டிருக்காங்க," என்றார் மங்களேஸ்வரி. "வருஷத்துக்கு இருபது லட்சம் தாண்டலன்னா உங்களுக்குக் கட்டாயம் இல்லம்மா. ஆனா இவங்களுக்கு நம்பர் இருந்தாத்தான் வசதி. நாமளா விரும்பி எடுத்துக்கலாம். எடுத்தா ஒழுங்கா தாக்கல் பண்ணணும். ஒரு படமும் விக்கலன்னாலும், விக்கலன்னு சொல்லணும்."

"சொல்லிருதேன் மேடம்."

"பணம் வரும்போது பத்து சதவீதம் பிடிச்சுக்குவாங்க. பயப்படாதீங்க. அதை உங்க வரியில கழிச்சுக்கலாம்."

மங்களேஸ்வரி பேசிக்கொண்டே வங்கிக் கணக்கின் தாள்களைப் புரட்டினார். விரல் ஓரிடத்தில் நின்றது.

"இந்த நம்பருக்கு மாசாமாசம் போகுதே. வாடகையா?"

"இல்ல மேடம். என் நாத்தனா, சுகந்தி."

"கடனா?"

"அவ பங்கு."

"என்ன பங்கு?"

இசக்கிசெல்வி சொன்னாள். சுகந்தி மணிமுத்துவின் தங்கை. இலத்தூரில் கட்டிக் கொடுத்திருக்கிறது. மாதக் காலண்டரைக் கிழித்ததும் அந்தத் தாளின் வெள்ளைப் பின்பக்கத்தில் பென்சிலால் வரைவாள். போனில் படம் எடுத்து அனுப்புவாள். இசக்கிசெல்வி அதை டேப்லெட்டில் ஏற்றி, அந்தக் கோட்டின் மேலேயே கோடு இழுத்து, நிறம் கொடுப்பாள். விற்ற பணத்தில் பாதியை அனுப்பிவிடுவாள். மூன்று வருடமாக இப்படித்தான்.

"எல்லாப் படமுமா?"

"எல்லாமே. கோடு அவ, நிறம் நான்."

மங்களேஸ்வரி ஒப்பந்தத்தின் நாலாம் பக்கத்தைத் திருப்பி அவள் முன் வைத்தார்.

"இங்க என்ன போட்டிருக்கு, பாருங்க. படங்கள் அனைத்தும் விற்பவர் ஒருவருடைய சொந்தப் படைப்பு. நீங்க டிக் போட்டிருக்கீங்க."

"எல்லா இடத்துலயும் அப்படித்தான் மேடம் கேப்பாவ. போட்டுட்டே போவேன்."

"இனிமே அப்படிப் போகக் கூடாது. ரெண்டு பேர் சேர்ந்து உருவாக்கின படம் இது. ரெண்டு பேருக்கும் உரிமை இருக்கு. அவங்க சம்மதம் இல்லாம நீங்க மட்டும் உரிமம் கொடுக்க முடியாது."

கீழே பஸ்ஸின் ஹாரன் நீளமாகக் கேட்டது.

"என்ன செய்யணும் மேடம்?"

"ரெண்டு வழி. ரெண்டு பேரும் கூட்டா ஒரு நிறுவனம் ஆரம்பிக்கலாம். பத்திரம், பான் கார்டு, பேங்க் கணக்கு, ஜிஎஸ்டி எல்லாம் அந்தப் பேர்ல. மூணு வாரமாவது ஆகும். இல்லன்னா, அவங்க உரிமையை உங்களுக்கு எழுதிக் கொடுத்துட்டா நீங்க ஒருத்தரே இன்னைக்கே அனுப்பலாம்."

மூன்று வாரம் கம்பெனி காத்திருக்காது. அதை அவர்கள் மின்னஞ்சலிலேயே சொல்லியிருந்தார்கள்.

மங்களேஸ்வரி ஒரு பக்கத்தில் கடிதம் அடித்துக் கொடுத்தார். 'மேற்படி இருபத்துநான்கு படங்களில் எனக்குள்ள எல்லா உரிமைகளையும் முழு மனதோடு தங்களுக்கு எழுதிக் கொடுக்கிறேன்.'

"அதுக்கு நீங்க அவங்களுக்கு என்ன கொடுக்கறீங்கன்னு எழுதணும். இடம் விட்டிருக்கேன். ரெண்டு பேரும் பேசி எழுதிக்கோங்க."

படி இறங்கும்போது மணிமுத்து போனில் கூப்பிட்டான். தன் கடைக்குள்ளிருந்து பேசினான். பழுதான மோட்டாருக்குக் கம்பிச்சுருள் கட்டும் கடை. பின்னால் யாரோ இரும்பைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் விஷயத்தைச் சொன்னாள்.

"இதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? கேட்டா கையெழுத்துப் போட்டுருவாட்டி. நம்ம சுகந்திதான."

போட்டுவிடுவாள். அதுதான் இசக்கிசெல்விக்குத் தெரிந்திருந்தது.

ஐந்து வருடத்துக்கு முன் மாமனார் இறந்து நாற்பது நாள் கழிந்த பிறகு, வீட்டையும் ஒன்றரை ஏக்கர் வயலையும் மணிமுத்து பெயருக்கு மாற்ற வேண்டியிருந்தது. கூடப் பிறந்தவள் தன் பங்கை விட்டுக் கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுத வேண்டும். ஊரில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். சார்பதிவாளர் அலுவலகத்தில் கூட்டம். பத்திர எழுத்தர் விரலால் இடத்தைக் காட்டினார். சுகந்தி குனிந்து, "இங்கனயா?" என்று மட்டும் கேட்டாள். அதிலும் முழு மனதோடு என்று எழுதியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் வெற்றிலை, பழம், ஒரு பட்டுச் சேலை வைத்துத் தாம்பாளத்தை அவள் கையில் கொடுத்தது இசக்கிசெல்விதான். அந்தச் சேலையைச் சுகந்தி கட்டி அவள் பார்த்ததில்லை.

ஸ்கூட்டரில் இலத்தூர் போய்ச் சேர்வதற்குள் என்ன பேசுவது என்று நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

சுகந்தி கொடியில் கிடந்த துணிகளை உள்ளே அள்ளிக்கொண்டிருந்தாள்.

"வாங்க மதினி. என்ன இப்படி நனைஞ்சு வந்திருக்கீங்க. ஒரு போன் போட்டிருந்தா மீனாவது வாங்கி வச்சிருப்பேன்லா."

"செவ்வாக்கிழம என்னட்டி மீனு?"

"அப்ப போன் போடாததும் நல்லதுதான்."

சுகந்தியின் கணவன் பஸ் கண்டக்டர். டூட்டிக்குப் போயிருந்தான். சுவரில் ஜூலை மாதம் தொங்கியது. ஜூனைக் காணவில்லை. ஜூனின் பின்பக்கம் இப்போது இசக்கிசெல்வியின் டேப்லெட்டில் ரம்புட்டான் பழம் விற்கும் பெண்ணாக இருந்தது.

"ஒரு கையெழுத்து வேணும் சுகந்தி."

"பெங்களூர்காரங்களுக்கா? குடுங்க."

"வாசிச்சுட்டுப் போடு."

"நீங்க வாசிச்சிருப்பீங்கல்லா."

துணி மூட்டையைக் கட்டில்மேல் போட்டுவிட்டு ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். பேனாவை வாங்கினாள்.

"இங்கனயா மதினி?"

இசக்கிசெல்வி தாளைப் பார்த்தாள். சுகந்தி அதற்குள் போட்டுவிட்டாள்.

"நடுவுல ஒரு இடம் காலியாக் கெடக்கே?"

"அது பொறவு எழுதணும்."

"சரி. இருங்க, டீ போடுதேன்."

டீ சூடாக இருந்தது. பாதி குடித்தாள். வேலை இருக்கிறது என்று சொல்லிக் கிளம்பினாள். யோசித்து வைத்திருந்த நாலைந்து விதத்தில் ஒன்றுகூடத் தேவைப்படவில்லை.

குளத்தங்கரைக்கு வந்தபோது மறுபடி மணிமுத்து.

"வாங்கிட்டியா?"

"வாங்கிட்டேன்."

"சொன்னேன்லா."

போனை வைத்துவிட்டுக் கடிதத்தைப் பையிலிருந்து எடுத்தாள். நனைந்துவிடாமல் ஹெல்மெட்டுக்குள் வைத்துப் பார்த்தாள். சுகந்தியின் கையெழுத்து. ஒரே இழுப்பு. ஆரம்பத்தில் அழுத்தம், போகப் போக மெலிந்து, கடைசியில் சின்னதாக ஒரு வளைவு. அந்த வளைவு அவளுக்கு நன்றாகத் தெரியும். படத்தில் குரங்கின் வால் நுனியில் அது வரும். நனைந்த சேலையின் கரையில் வரும். மூன்று வருடமாக அந்தக் கோட்டின் பின்னாலேயே அவள் விரல் போயிருக்கிறது. எங்கே திரும்பும், எங்கே நிற்கும் என்று சுகந்திக்கு அடுத்தபடி தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

குளத்தில் நாரைகள் நின்றுகொண்டிருந்தன. ஸ்கூட்டரைத் திருப்பினாள்.

"என்ன மதினி, எதையும் மறந்துட்டீங்களா?"

"உக்காரு. இதை வாசி. சத்தமா வாசி."

சுகந்தி சிரித்தாள். மதினியின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். பள்ளிக்கூடத்தில் வாசிப்பதுபோல வாசித்தாள். 'எனக்குள்ள எல்லா உரிமைகளையும்' என்ற இடத்தில் நின்றாள்.

"இதுல எனக்கு என்ன உரிமை இருக்கு?"

"பாதி."

"பாதித் துட்டுதான் மாசாமாசம் தாரீங்களே."

"துட்டு வேற, படம் வேற. படத்துல பாதி உன்னோடது. நான் அதை ஒருத்தருக்குக் குடுக்கணும்னா உங்கிட்டக் கேக்கணும். மூணு வருஷமா கேக்கல. எம் பேர்ல டிக் போட்டுட்டே வந்திருக்கேன். இந்தத் தாளை அனுப்பிட்டா, இனி இந்தப் படத்தைப் பாத்து இது நான் வரைஞ்சதுன்னு நீ உரிமை கேக்க முடியாது."

சுகந்தி தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓட்டிலிருந்து தண்ணீர் வழிந்து வாளியில் விழுந்தது.

"அன்னைக்கு அந்த ஆபீஸ்லயும் நான் வாசிக்கல மதினி."

"தெரியும்."

"வாசிச்சிருந்தாலும் போட்டுத்தான் இருப்பேன். அண்ணன்தான."

"அதுவும் தெரியும். வாசின்னு நான் சொல்லியிருக்கணும். ஒருத்தராவது சொல்லியிருக்கணும். நான் சீலை எடுக்கப் போயிட்டேன்."

சுகந்தி தாளைக் கட்டில்மேல் வைத்தாள்.

"அந்தச் சீலை நல்ல நிறம் மதினி. ஆனா எனக்குச் சேராது."

"எனக்குப் பிடிச்ச நிறத்துல எடுத்துட்டேன்ட்டி."

"அதான பாத்தேன்."

இருவருக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்தபோது சுகந்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இசக்கிசெல்வி வாசல் பக்கம் பார்த்தாள்.

பிறகு கடிதத்தை நான்காக மடித்துச் சுகந்தியின் கையில் வைத்தாள்.

"நீயே வச்சுக்கோ. கிழிக்கணும்னா கிழி."

சுகந்தி பிரித்துத் திருப்பிப் பார்த்தாள். "பின்னால வெள்ளையாத்தான இருக்கு. கெடக்கட்டும், வரையலாம்."

மணி மூன்றரை. இசக்கிசெல்வி மங்களேஸ்வரிக்குப் போன் செய்து கூட்டு நிறுவனத்துக்கு வேலையைத் தொடங்கச் சொன்னாள். பங்கு எப்படி என்று அவர் கேட்டார். சரிபாதி என்றாள். அடுத்து பெங்களூருக்கு. அங்கே ஹுஸைஃபா என்கிற இளைஞர் இந்த வேலையைப் பார்க்கிறார். ஆம்பூர் பக்கம், நல்ல தமிழ். அவள் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கட்டில்மேல் வைத்தாள்.

"ரெண்டு பேரா?" என்றார் ஹுஸைஃபா. "மேடம், இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"முன்னாடி எனக்கே தெரியாது சார்."

அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது.

"ஒப்பந்தத்தை மாத்தணும். மூணு வாரம்னா மேல கேக்கணும். ஆறு மணிக்கு மீட்டிங். அதுல பேசிப் பாக்கறேன். ஒண்ணு மட்டும் உறுதியா சொல்லுங்க. இந்த உரிமம் எங்களுக்கு மட்டும்தான். இந்த இருபத்துநாலுல எதுவும், எந்த வடிவத்துலயும், வேற யாருக்கும் போகலயே? இப்ப ரெண்டு பேர்னு ஆயிடுச்சு. ரெண்டு பேருமே சொல்லணும்."

"நான் யாருக்கும் குடுக்கல," என்றாள் இசக்கிசெல்வி. சுகந்தியைப் பார்த்தாள்.

சுகந்தி தலையணை உறையின் நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல், பொறவு பேசுதோம்னு சொல்லுங்க என்று கையால் காட்டினாள்.

இசக்கிசெல்வி அப்படியே சொல்லிப் போனை வைத்த பிறகும் சுகந்தி நூலை விடவில்லை.

"எதுட்டி?"

"பதினேழு."

பதினேழாவது படம். ஐந்தருவியில் குளித்துவிட்டு ஒருத்தி தலையைச் சாய்த்து முடியைப் பிழிந்துகொண்டு நிற்கிறாள். முடியிலிருந்து விழும் தண்ணீரும் பின்னால் அருவியும் ஒரே கோட்டில் வரும். இருபத்துநான்கில் கம்பெனிக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

"யாருக்குக் குடுத்த?"

"ஐந்தருவியில துண்டு விக்காரே, இத்ரீஸ் பாய். இவுக பஸ்லதான் தினமும் போவாரு. சீசனுக்குப் புதுசா ஒரு டிசைன் வேணும்னு கேட்டாரு. என்கிட்ட வந்து ஒருத்தர் படம் கேட்டது அதான் மொதத் தடவ." சுகந்தி இப்போது நிமிர்ந்தாள். "கோடு மட்டும்தான் மதினி குடுத்தேன். உங்க நிறத்தைத் தொடல."

இசக்கிசெல்வி எழுந்து சாவியை எடுத்தாள். கோபமா என்று அவளுக்கே தெரியவில்லை.

"வா. போய்ப் பாப்போம்."

ஐந்தருவியில் கூட்டம் நெருக்கித் தள்ளியது. எண்ணெய் தேய்த்த உடம்புகளும் ஈரத் துணிகளும் இடித்துக்கொண்டு போயின. கடைகளின் வரிசையில் எட்டாவது கடை. இத்ரீஸ் பாய் தார்ப்பாயில் தேங்கிய தண்ணீரைக் கம்பால் தள்ளிக்கொண்டிருந்தார்.

கேட்க வேண்டிய தேவை இருக்கவில்லை. முன்வரிசையில் அதுதான் தொங்கியது. வெள்ளைத் துண்டு. நீலக் கோடு. வேறு ஒன்றுமில்லை.

இசக்கிசெல்வி அந்தப் படத்துக்கு எட்டு நாள் நிறம் கொடுத்திருந்தாள். பச்சைக்கு மட்டும் மூன்று நாள். அதெல்லாம் இல்லாமல் அந்தப் பெண் துண்டில் நின்றுகொண்டிருந்தாள். முடியிலிருந்து தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. நன்றாக இருந்தது. மிகவும் நன்றாக இருந்தது.

கேரளாவிலிருந்து வந்த ஒரு குடும்பம் அவள் கண்ணெதிரே இரண்டு வாங்கிக்கொண்டு போனது.

"வாம்மா சுகந்தி," என்றார் இத்ரீஸ். "யாரு, மதினியா? ஐந்நூறு அடிச்சேன். முந்நூறு போயிட்டு. நானும் துட்டு தாரேன், தாரேன்னு சொல்லுதேன். இந்தப் பிள்ள வாங்க மாட்டேங்கு. பேரை மட்டும் போடச் சொல்லிச்சு."

"பேரா?"

அவர் துண்டின் கீழ் ஓரத்தை விரித்துக் காட்டினார். படத்துக்கு அடியில், எறும்பு ஊர்ந்ததுபோலப் பொடி எழுத்தில் இருந்தது. சுகந்தி.

சுகந்தி வேறு எங்கோ பார்த்தாள். 

இத்ரீஸ் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். வியாபாரி. ஏதோ இருக்கிறது என்று புரிந்துகொண்டார்.

"சிக்கலாம்மா? சொல்லுங்க. மிச்சம் இருநூறையும் கட்டி உள்ள போட்டுருதேன். இருந்த இடம் தெரியாது."

கட்டி உள்ளே போட்டுவிடலாம். முந்நூறு துண்டு எந்தெந்த ஊரிலோ கொடியில் காயும். பெங்களூரில் யார் பார்க்கப் போகிறார்கள். இருபத்துநான்கும் அப்படியே நிற்கும்.

சுகந்தி இப்போது மதினியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டவளின் அதே முகம்.

"தொங்கட்டும் பாய்," என்றாள் இசக்கிசெல்வி.

போனை எடுத்து, துண்டையும் அந்த ஓரத்தையும் சேர்த்துப் படம் எடுத்தாள். தார்ப்பாய்க்கு அடியில் நின்று ஹுஸைஃபாவுக்கு எழுதினாள். 'பதினேழாம் படத்தின் கோட்டோவியம் ஏற்கெனவே ஐந்தருவியில் ஒரு துண்டுக் கடைக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது. வரைந்தவர் பெயர் கீழே இருக்கிறது. உங்களுக்கு இருபத்துமூன்று படங்கள்தான் தர முடியும். இருவரும் கையெழுத்திடுவோம்.' அனுப்புவதற்கு முன் சுகந்தியிடம் நீட்டினாள். சுகந்தி வாசித்தாள். அவசரமில்லாமல், கடைசி வரை வாசித்தாள். பிறகு அவளே அனுப்பினாள்.

ஆறு மணிக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

"ஒத்துக்குவாங்களா மதினி?"

"தெரியல."

"அண்ணன் என்ன சொல்லுவாவ?"

"கையெழுத்து வாங்கிட்டேன்னுதான் அவுககிட்டச் சொல்லியிருக்கேன். இன்னும் ஒண்ணும் தெரியாது."

சுகந்தி நாக்கைக் கடித்துக்கொண்டாள். இசக்கிசெல்வி ஒரு துண்டுக்குப் பணம் கொடுத்தாள். இத்ரீஸ் வேண்டாம் என்றார். அவள் பெட்டிமேல் வைத்துவிட்டு வந்தாள். மலைப்பக்கமிருந்து சாரல் வலுத்தது. சுகந்தியின் தலையிலிருந்து தண்ணீர் கழுத்து வழியாக இறங்கிக்கொண்டிருந்தது.

"தலையத் துவட்டுட்டி."

"புதுத் துண்டு மதினி. நனைஞ்சுரும்."

"துண்டுதான. துவட்டு."

சுகந்தி பிரித்துப் பார்த்தாள். மறுபடி மடித்தாள். பிறகு எட்டி, அதைத் தன் மதினியின் தலையில் போட்டுத் துவட்டத் தொடங்கினாள்.